சொம்பில் குறைந்த தண்ணீர்

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான், அதிலும் பாதி நரை. பெயர் தங்கமாரியப்பன். கோவில்பட்டிப் பக்கம் பிறந்து, ஒரு கலைக் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவர். குரு டாக்டர் பொற்கொடிக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு குறைச்சல். குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார். முதல் நாள் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஐம்பதை நெருங்குகிற வயசில் முனைவர் பட்டத்துக்கு வந்து நிற்கிறாரே, சம்பள உயர்வுக்காக இருக்கும் என்று லேபில் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. அவர் மனைவி செண்பகவல்லி ஈரலில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள். முதல் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அடுத்ததில் தெரிந்தபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் படத்திலேயே கட்டியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு மருந்தைச் செய்தே தீருவது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். பாவம், மனுஷனுக்கு வேறு பிடிமானம் இல்லை.

ஒரே மகள், மகிழினி. காலேஜில் இரண்டாம் வருஷம். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொன்னால் பொய்.

லேபின் ஸ்கேன் மெஷின் கட்டடத்துக்கு அடியில் ஒரு நிலவறையில் இருந்தது. உள்ளே இருக்கிற காந்தம் கரண்ட் போனாலும் அணையாது. ஞாயிறு, பொங்கல் லீவு, எதுவும் அதற்குக் கிடையாது. ஆள் இல்லாத அறையில் அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் குளிர வைக்கிற பம்ப் பல்லி சொல்கிற மாதிரி "சிக்... சிக்..." என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நல்லதுக்குச் சொல்கிறதா கெட்டதுக்குச் சொல்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. சாவி, வாட்ச், பேனா எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மறந்து போனால் பையில் இருக்கிற சாவிக்கொத்து சட்டையை முன்னால் இழுக்கும், யாரோ இரண்டு விரலால் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரி. தங்கமாரியப்பனுக்கு ஒருமுறை அப்படி ஆனது. பட்டப்பகலில், தனியாக நின்றுகொண்டு, "யாரு?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் குருவிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"கண்ணுல படாத ஒண்ணை, இருக்குன்னு எப்படி அடிச்சுச் சொல்றது?"

பொற்கொடி இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். இரண்டிலும் ஒரே தண்ணீரை ஊற்றினார். "கொஞ்சம் திரும்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றில் மட்டும் சீடர் செய்த மருந்தில் ஒரு சொட்டு விட்டார்.

"இப்பப் பாருங்க. எதுல விட்டேன்?"

சீடர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டும் வெறும் தண்ணீராகத்தான் இருந்தது.

"தெரியலை மேடம்."

இரண்டையும் மெஷினுக்குள் வைத்தார். மெஷின் கடகடவென்று தட்டி ஓய்ந்தது. திரையில் இரண்டு வட்டங்கள் வந்தன. ஒன்று கருப்பு. இன்னொன்று தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை.

"வெள்ளையாத் தெரியுறது என்ன சார்?"

"செ-ஒன்பது."

"இல்லை."

"கடோலினியம்."

"இல்லை சார்."

தங்கமாரியப்பன் தாடியைச் சொறிந்தார். தெரிந்த பாடம்தான், ஆனாலும் வாயில் வர நேரமானது. "தண்ணி."

"தண்ணிதான். உலோகம் படத்துல விழவே விழாது. யாரும் அதை அங்கே பார்த்ததில்லை. பக்கத்துல இருந்த தண்ணிக்கு என்ன ஆச்சுன்னுதான் பார்க்கிறோம்."

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். காந்தத்துக்குள் தண்ணீரின் அணுக்கள் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் சாய்ந்துவிடும், மெல்ல மெல்லத் திரும்ப எழும். கடோலினியம் என்கிற உலோகம் பக்கத்தில் இருந்தால் சட்டென்று எழுந்துவிடும். அப்படிச் சீக்கிரம் எழுந்த தண்ணீர்தான் படத்தில் வெள்ளை. ஆனால் வெறும் கடோலினியம் உடம்புக்கு விஷம். அதனால் எட்டுக் கை உள்ள ஒரு மூலக்கூறை அதைச் சுற்றிக் கூண்டாகக் கட்டுவார்கள். ஒன்பதாவது இடம் ஒன்று மட்டும் திறந்திருக்கும். ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதில் உட்காரும், கண் சிமிட்டுவதற்குள் எழுந்து போகும், அடுத்தது வரும்.

தங்கமாரியப்பன் தன் கையால் கட்டிய கூண்டுக்கு செ-ஒன்பது என்று பேர் வைத்திருந்தார். ஒன்பது அந்தத் திறந்த இடம். செ யாருடைய முதல் எழுத்து என்று லேபில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"பக்கத்துல வெறும் தண்ணியை எதுக்கு வெச்சேன்?" என்று கேட்டார் குரு.

"ஒப்பிட்டுப் பார்க்க."

"அது இல்லாம வெள்ளையை மட்டும் பார்த்தா?"

"நமக்குப் பிடிச்சதைச் சொல்லிக்கலாம்."

சரியான பதில்தான். வாய் சொன்னது காதில் விழாமல் போவது பெரிய மனுஷர்களுக்கும் உண்டு. சீடர் பாதிப் பாடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இனி வீட்டு விஷயம்.

ஹாலில் செண்பகத்தின் படம். அதற்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஓர் எவர்சில்வர் சொம்பு. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, சாம்பல் போட்டு அந்தச் சொம்பை அவரே விளக்குவார். பானைத் தண்ணீரை அவரே மொண்டு கழுத்துவரை ஊற்றுவார். கேன் தண்ணீர் செண்பகத்துக்குப் பிடிக்காது. ஒரு சின்னத் தட்டை நிமிர்த்தி வைத்து மூடுவார். கொஞ்ச நேரம் நின்று ஏதாவது பேசுவார். பிறகு பூட்டிக்கொண்டு கிளம்புவார். மகள் அவருக்கு முன்னாலேயே கிளம்பியிருப்பாள், சாயங்காலம் அவர் வந்து விளக்கேற்றிய பிறகுதான் வருவாள். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும்.

கோடையில் ஒருநாள் வந்து பார்த்தால் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. வெயில் குடித்திருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் இறங்கியிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, துணிகூடக் காயாத நாளிலும் அதே இரண்டு விரற்கடை.

அதோடு போனால் பரவாயில்லை. நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன தட்டு குப்புறக் கிடந்தது.

செண்பகம் எந்தப் பாத்திரத்தை மூடினாலும் தட்டைக் குப்புறத்தான் கவிழ்ப்பாள். "ஏன் இப்படி?" என்று கேட்டால், "எங்க அம்மா அப்படித்தான்" என்பாள். சொம்பின் விளிம்பைத் தங்கமாரியப்பன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு பட்ட தடம் இல்லை. செண்பகம் அண்ணாந்துதான் குடிப்பாள். சுடுசோறு சாப்பிட்டு விக்கினால்கூட வாய் வைத்துக் குடித்ததில்லை.

அவருக்குப் புல்லரித்தது. அதைப் பயம் என்று சொல்லமுடியாது. பயத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சந்தோஷம் குடியிருக்குமே, அது. பூட்டிய வீடு, இறங்குகிற தண்ணீர், கவிழ்ந்த தட்டு. ஊமை வீட்டில் ஒருத்தி வந்து போகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சில சாயங்காலம் தட்டைத் தொட்டால் இப்போதுதான் ஒரு கை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

மகளிடம் சொல்லவில்லை. சின்னப்பிள்ளை, பயந்துவிடும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அவளுக்குக் காலேஜ் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

சொம்பில் தண்ணீர் குறைந்தால் ஊரில் யாரும் என்ன செய்வார்கள்? வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்பார்கள். இவர் சோதனை செய்தார். படிப்பு சில பேரை எங்கெங்கோ கொண்டுபோய் விடும்.

குரு குழாய்களைக் காட்டி இரண்டு நாள் கழித்து, மதியம் நிலவறைக்கு ஓடிவந்தார். வாட்சையும் சாவியையும் போனையும் தட்டில் போட்டார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம், கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"மேடம், இந்த ரெண்டு டியூபையும் போட்டுப் பாருங்க."

"என்ன சாம்பிள் சார்?"

"முதல்ல பாருங்க, அப்புறம் சொல்றேன்."

பொற்கொடி போட்டார். திரையில் இரண்டு வட்டங்கள். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஒரே வெள்ளை, இம்மியும் வித்தியாசம் இல்லை.

தங்கமாரியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "ஒண்ணு நேத்துக் காலையில எடுத்தது. இன்னொண்ணு நேத்துச் சாயங்காலம். நடுவுல தண்ணி ரெண்டு விரற்கடை குறைஞ்சிருக்கு மேடம்."

"சரி."

"வெயில்ல வத்தியிருந்தா தண்ணிதான் போகும், உலோகம் அங்கேயே நிக்கும். மிச்சத் தண்ணி இன்னும் வெள்ளையாகியிருக்கணும். ஆகலை. அப்படின்னா வத்தலை. யாரோ குடிச்சிருக்காங்க."

பம்ப் "சிக்... சிக்..." என்றது.

"எந்தத் தண்ணி சார்?" பொற்கொடியின் குரல் மாறியிருந்தது.

அவர் சொம்பைச் சொன்னார். படத்தைச் சொன்னார். கவிழ்ந்த தட்டையும், உதடு படாத விளிம்பையும், பூட்டிய வீட்டையும் சொன்னார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, பக்கத்துல இருக்கிற தண்ணியைப் பார்த்தா போதும்னு. வர்றா மேடம். செண்பகம் வர்றா."

பொற்கொடி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"செ-ஒன்பதைக் குடிக்கிற தண்ணியிலயா கலந்தீங்க?"

"அவ தண்ணியில."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி?"

"ஒரு சின்னக் குப்பியில..."

பொற்கொடி வாசலுக்குப் போனார். தட்டில் கிடந்த சாவியை எடுத்தார். அறைக்குள் நுழையாமல் வாசற்படியிலேயே நின்று அதைத் தூக்கிக் காட்டினார். காந்தம் இருக்கிற பக்கமாகச் சாவி தானாகக் கொஞ்சம் சாய்ந்தது.

"இது யார் சாவி?"

"என்னுது."

"வீட்டுக்கு எத்தனை சாவி சார்?"

"ரெண்டு."

"இன்னொண்ணு?"

"மகிழினி..." என்றார் தங்கமாரியப்பன். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது.

"இன்னைக்கும் கலந்தீங்களா?"

"ரெண்டு மடங்கா" என்றார் அவர். "உறுதியாத் தெரியட்டும்னு..."

வாசல் தட்டில் கிடந்த போனை எடுத்து மகளுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"அது மருந்து இல்லை சார்" என்றார் பொற்கொடி. குரலில் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. "இன்னும் ஒரு எலிகூட அதைக் குடிச்சதில்லை. ஏறுங்க வண்டியில."

பொற்கொடி ஸ்கூட்டரை ஓட்ட, தாடிக்காரர் பின்னால் உட்கார்ந்து போனார். உச்சிவெயில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கூண்டு உடையாதே மேடம்? வயித்துல போயி... ஆசிட்டுல... உடையாதே?"

"கட்டினது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பொற்கொடி தட்டுவதற்குள் அவர் ஜன்னலுக்குப் போய்விட்டார். ஜன்னல் பாதி திறந்திருந்தது. வெயிலிலிருந்து பார்த்த கண்ணுக்கு முதலில் இருட்டு. பிறகு படம் தெரிந்தது. மாலை தெரிந்தது. படத்துக்கு முன்னால் ஒருத்தி நிற்பது தெரிந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது கை இடுப்பில். கொண்டை பிடரியில் சரிந்திருந்தது. வலது கையால் சொம்பை உயரத் தூக்கி, தலையை அண்ணாந்து, உதடு படாமல் தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் களக், களக் என்று இறங்குகிற சத்தம் ஜன்னல்வரை கேட்டது. அந்த இடுப்பு வளைவும் அந்தச் சத்தமும் அவர் இருபத்திரண்டு வருஷம் கூட இருந்து பார்த்தது, கேட்டது. பூமி நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

நிறுத்து என்று கத்த வேண்டும். கொட்டிவிடு என்று கத்த வேண்டும். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"செண்பகம்!"

அவள் திரும்பினாள். முகவாயில் தண்ணீர் வழிந்தது. ஜன்னலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொம்பை மெல்ல இறக்கினாள்.

"அம்மா இல்லப்பா" என்றாள் மகிழினி. "நான்."

பொற்கொடி கதவை இடித்து, திறக்கச் சொல்லி, உள்ளே போய் அந்தச் சொம்பைப் பிடுங்கினார். தண்ணீர் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தாகம் அதிகம்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பொற்கொடிதான் பதில் சொன்னார். தங்கமாரியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். மருத்துவர் நல்ல மாதிரி, ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"இந்த மாதிரிக் கூண்டு மருந்தை ஊசியில ஏத்துறது எங்களுக்குப் பழக்கம்தான். இந்தப் பொண்ணுக்குள்ளே போனது அந்த அளவுல ரொம்பக் கொஞ்சம். கூண்டு பிரியாம வெளியே வந்துட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா இது நீங்க புதுசாப் பண்ணது. வயித்துல பிரியுமா பிரியாதான்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

பொற்கொடி வண்டியை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார்.

தங்கமாரியப்பன் மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"ஏன் தாயி அந்தத் தண்ணியைக் குடிச்ச?"

மகிழினி விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இந்த வருஷம் எனக்குப் பகல் பன்னெண்டோட காலேஜ் முடிஞ்சிரும்ப்பா."

"பிறகு ஏன் அத்தனை நேரம் கழிச்சு வர்ற?"

"நீங்க வந்ததும் அம்மாகிட்டப் பேசுவீங்க. நான் இருந்தா பேச மாட்டீங்க. அதனால மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டு, நீங்க வர்றதுக்குள்ள லைப்ரரிக்குப் போயிருவேன்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வீட்ல இல்லையா தாயி? பானையில இருக்கே?"

"இருக்கு." அப்பா பக்கம் திரும்பிப் படுத்தாள். "உங்க கையால விளக்கி, ஊத்தி, மூடி வைக்கிற தண்ணி அது ஒண்ணுதான். எனக்கும் அதுல ரெண்டு மடக்கு வேணும்போல இருந்துச்சு. முழுசும் குடிக்கலைப்பா. அம்மாவுக்கு மிச்சம் வெச்சுட்டுத்தான் குடிச்சேன்."

தங்கமாரியப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை.

பொற்கொடி திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன மரத்தாங்கி இருந்தது. அதில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒரு சொட்டுக்குப்பி. வராந்தாவில் ஜன்னல் திண்டில் அதை வைத்தார். சீடரைக் கூப்பிட்டார்.

"ஞாபகம் இருக்கா சார்?"

எப்படி மறக்கும்? போன மாதம் குரு செ-ஒன்பதை வயிற்றில் ஊறுகிற மாதிரியான ஆசிட்டில் போட்டு வைக்கச் சொன்னார். "இதை யாரு மேடம் குடிக்கப் போறா, ஊசியில தானே போகப் போகுது" என்று சீடர் முனகினார். "நிக்குதா பார்ப்போம் சார்" என்று மட்டும் குரு சொன்னார். போட்டு வைத்ததோடு சரி. எடுத்துப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. சொம்பைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

"இது வெறும் உலோகம். கூண்டு இல்லாதது" என்று முதல் குழாயைக் காட்டினார் பொற்கொடி. "இது உங்களுது. ஆசிட்டை முறிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். சாயத்தை நீங்க விடுங்க."

அந்தச் சாயம் மஞ்சள். கூண்டை விட்டு உலோகம் வெளியே நடமாடினால் ஊதாவாகிவிடும்.

சீடர் முதல் குழாயில் ஒரு சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கருத்து, சிவந்து, கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஊதாவானது.

இரண்டாவது குழாய்க்குக் குப்பியைக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. வராந்தாச் சுவரில் எங்கேயோ ஒரு பல்லி சொன்னது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். குருவைப் பார்த்தார்.

"நீங்க விடுங்க மேடம்."

"இல்லை சார்."

கண்ணை மூடிக்கொண்டு விட்டார். ஊரில் இருக்கிற சாமி எல்லாம் அந்த நேரத்தில் அவர் நாக்கில் வந்து போனது. கோவில்பட்டிச் செண்பகவல்லி அம்மன் பேரை மட்டும் சொல்லத் துணியவில்லை.

"கண்ணைத் திறங்க."

மஞ்சள். ஜன்னல் வெயிலில், விரலி மஞ்சளை உரசின மாதிரி நல்ல மஞ்சள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மாறிவிடுமோ என்று பார்த்தார். வெயில் அந்தத் திண்டைவிட்டு நகர்ந்து போகும்வரை பார்த்தார். மாறவில்லை.

மறுநாள் சோதனை முடிவுகளும் நல்லபடியாக வந்தன. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து காட்டச் சொல்லி, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார் மருத்துவர். பொற்கொடி பார்க்க வந்திருந்தார்.

"நீங்க அதை லேபுக்கு வெளியே எடுத்துட்டுப் போனதை நான் எழுதிக் கொடுத்தாகணும் சார். உங்க முனைவர் பட்டப் பதிவு என்ன ஆகும்னு தெரியாது."

"எழுதுங்க மேடம். எழுதாம விட்டீங்கன்னா நானே எழுதுவேன்."

உள்ளே மகிழினி தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரிக் கூஜாவிலிருந்து அவரே வேறொரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, இடது கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து, களக் களக்கென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பை மேசையில் வைத்தாள். கை தானாகப் பக்கத்தில் இருந்த தட்டை எடுத்தது, குப்புறக் கவிழ்த்தது. படுத்துக்கொண்டாள்.

தங்கமாரியப்பன் வராந்தாவுக்கு வந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம்... அப்போ இத்தனை மாசமா அவ வரவே இல்லையா?"

பொற்கொடி ஜன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்தார்.

"தினமும் வந்தாங்க சார். நீங்க சொம்பைப் பார்த்துட்டு இருந்தீங்க."